வேகமும் விலையும்: ஓவர்கிளாக்கிங்கிற்கு ஏற்ற பிராசஸரும் மதர்போர்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

மனிதனின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. நம் வீட்டுக் கணிப்பொறியினுள் இருக்கும் பிராசஸரும் ஒரு துடிப்பிற்கு ஏற்பவே வேலை செய்கிறது. ஆனால் அதன் துடிப்பை நொடியில் கணக்கிட வேண்டும். பெட்டியின் மேல் 4 கிகா ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அது நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். தயாரித்த நிறுவனம் குறித்துக் கொடுத்த அளவிற்கு மேல் இந்தத் துடிப்பை நாமே உயர்த்திக் கொள்வதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

"இது அண்ணன்மார்கள் விளையாட்டுக்காகச் செய்யும் வேலை, நமக்கு எதற்கு?" என்று மாணவியர் சிலர் கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மேல்நிலை வகுப்பில் கணிப்பொறிப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் எங்களுள் பலர். அவர்கள் வீடுகளில் இவ்வாண்டு கணிப்பொறி வாங்கும் பேச்சு நடக்கிறது. சீட்டுப் பணத்திலிருந்தோ, கடன் பெற்றோ வாங்கும் பொருள் அது. "இன்னும் கொஞ்சம் போட்டால் ஓவர்கிளாக் செய்யக்கூடியதாகவே வாங்கிவிடலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த "இன்னும் கொஞ்சம்" எதற்காகப் போகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா? அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

துடிப்பு எவ்வாறு கிடைக்கிறது?

பிராசஸரின் துடிப்பு இரண்டு எண்களின் பெருக்கற்பலன் ஆகும். ஒன்று, மதர்போர்டு வழங்கும் அடிப்படைத் துடிப்பு. இன்றைய கணிப்பொறிகளில் இது பெரும்பாலும் 100 மெகா ஹெர்ட்ஸ். மற்றொன்று, மல்டிபிளையர் என்னும் பெருக்கும் எண். அடிப்படை 100, மல்டிபிளையர் 47 எனில் 4,700 மெகா ஹெர்ட்ஸ், அதாவது 4.7 கிகா ஹெர்ட்ஸ் கிடைக்கும். எனவே ஓவர்கிளாக்கிங் செய்வதற்கு இரண்டே வழிகள்தாம் உள்ளன. அடிப்படைத் துடிப்பைக் கூட்டலாம். அல்லது மல்டிபிளையரைக் கூட்டலாம்.

நிறுவனம் குறித்த அளவிற்கு மேல் அது எப்படி ஓடும் என்ற ஐயம் எழுவது இயல்பே. தோட்டத்திலிருந்து வரும் மாம்பழங்களைப் பெரியவை, நடுத்தரம், சிறியவை என்று பிரித்து வெவ்வேறு விலைக்கு விற்பதைக் கண்டிருக்கிறோம். பிராசஸர்களும் அப்படித்தான். ஒரே சிலிக்கன் தகட்டில் ஒரே முறையில் செய்யப்பட்டவையே ஆயினும், சில வேகமாக ஓடும்; சில அவ்வளவு வேகம் தாங்கா. அவற்றைச் சோதித்து, தரம் பிரித்து, வேகத்திற்கு ஏற்ப விலை வைக்கிறார்கள். தயாரிப்பு முறை தேர்ச்சி அடைந்த பிறகு வேகமாக ஓடக்கூடியவையே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் சந்தையில் மலிவான பிராசஸர்களுக்கே தேவை அதிகம். அப்போது பெரிய பழத்தையே சிறிய பழத்தின் கூடையில் போட்டு விற்க நேர்கிறது. அந்தக் கூடையிலிருந்து பெரிய பழத்தை எடுப்பதுதான் ஓவர்கிளாக்கிங்கில் உள்ள இலாபம்.

1998ஆம் ஆண்டின் செலிரான்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இன்டெல் நிறுவனம் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட செலிரான் 300ஏ என்னும் பிராசஸர். அதன் அறிமுக விலை 149 டாலர். அதே சமயத்தில் வெளிவந்த 450 மெகா ஹெர்ட்ஸ் பென்டியம் 2 பிராசஸரின் விலை 669 டாலர். செலிரானின் மல்டிபிளையர் 4.5 என்று மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைத் துடிப்பு 66 மெகா ஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 300 வரும்.

அக்காலத்தில் இன்டெலின் 440பிஎக்ஸ் என்னும் சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் 100 மெகா ஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை முறைப்படியே வழங்கின. அத்தகைய மதர்போர்டில் செலிரான் 300ஏ-யைப் பொருத்தி, 66-ஐ 100 ஆக்கினால் என்னவாகும்? 100-ஐ 4.5 ஆல் பெருக்க 450! எல்லாமே அவ்வளவு வேகம் தாங்கின என்று சொல்ல முடியாது; ஆனால் பெரும்பாலானவை தாங்கின. 149 டாலருக்கு வாங்கிய பொருள் 669 டாலர் பொருளுக்கு அருகில் நின்றது. வேகத்தில் 50 விழுக்காடு கூடுதல், அதுவும் கூடுதல் விலை இன்றி.

இதில் மதர்போர்டின் பங்கு எவ்வளவு பெரியது என்பதையும் கவனிக்க வேண்டும். அடிப்படைத் துடிப்பைக் கூட்டினால், அதிலிருந்து பிரித்துக் கொடுக்கப்படும் மற்ற பகுதிகளின் துடிப்பும் மாறும். ஒலி, வலைத்தொடர்பு முதலிய அட்டைகள் இருக்கும் பிசிஐ பகுதிக்கு 33 மெகா ஹெர்ட்ஸ்தான் முறையான அளவு. 66 இருக்கும்போது இரண்டால் வகுத்து 33 கிடைத்தது. 83 ஆக்கி அதே இரண்டால் வகுத்தால் 41.5 ஆகிவிடும்; அப்போது ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புகளுக்கே ஆபத்து. ஆனால் 100 ஆக்கினால் மதர்போர்டு மூன்றால் வகுத்து, மீண்டும் 33-ஐயே கொடுத்தது. ஆகவே 83-ஐ விட 100 தான் பாதுகாப்பாக இருந்தது! தைவான் நாட்டின் ஏபிட் நிறுவனம் செய்த பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில், உள்ளே இருக்கும் சிறு இணைப்பிகளைக் கழற்றி மாட்டாமல் பயாஸ் திரையிலேயே இதை மாற்றிக் கொள்ளும் வசதியும் இருந்தது. நல்ல பிராசஸரும் அதற்கேற்ற மதர்போர்டும் சேர்ந்தால்தான் பயன் உண்டு என்ற பாடத்தை இந்த இணை அன்றே கற்பித்தது.

பூட்டும் திறவுகோலும்

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் அடிப்படைத் துடிப்பு மற்றப் பகுதிகளுடன் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. அதைச் சில விழுக்காட்டிற்கு மேல் கூட்ட இயலாது. எனவே மல்டிபிளையர் ஒன்றே வழியாயிற்று. அந்த மல்டிபிளையரையும் எல்லாப் பிராசஸர்களிலும் திறந்து விடவில்லை. பெயரின் முடிவில் "கே" என்னும் எழுத்து உடையவற்றிற்கு மட்டுமே பூட்டு இல்லை.

இன்றும் இன்டெல் பிராசஸர் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. பிராசஸரின் பெயரில் "கே" இருக்க வேண்டும். மதர்போர்டின் சிப்செட் "இசட்" வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு இசட்690, இசட்790 ஆகியவையும், 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு இசட்890-உம் அத்தகையவை. "கே" பிராசஸரை பி760 மதர்போர்டில் பொருத்தினால் அது ஓடும். ஆனால் மல்டிபிளையரைக் கூட்ட முடியாது. ராம் நினைவகத்தின் வேகத்தை மட்டும் பி760-இல் கூட்டலாம். எச்610-இல் அதுவும் இல்லை. ஆகவே "கே" பிராசஸரும் பி வரிசை மதர்போர்டும் வாங்குவது, பூட்டு இல்லாத பெட்டியை வாங்கி, அதைத் திறக்க முடியாத அறையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏஎம்டி நிறுவனம் வேறு வழியைக் கைக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான ரைசன் வரிசை முதற்கொண்டு, அதன் டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றிற்குப் பூட்டு இல்லை. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி போன்ற சில மட்டுமே விலக்கு. மதர்போர்டிலும் விலை உயர்ந்த எக்ஸ் வரிசைதான் வேண்டும் என்பதில்லை. பி350, பி450, பி550, பி650, பி850 ஆகிய நடுத்தரச் சிப்செட்டுகளே போதும். ஏ520, ஏ620, பி840 ஆகிய மூன்றிலும் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய இயலாது. இவற்றுள் பி840 என்பதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பெயரில் "பி" இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது.

வெப்பத்தின் கணக்கு

துடிப்பை மிகவும் உயர்த்தும்போது பிராசஸர் தடுமாறுகிறது. அதைத் தாங்கச் செய்ய மின்னழுத்தத்தையும் சற்றுக் கூட்ட வேண்டியுள்ளது. இங்குதான் தொல்லை தொடங்குகிறது. பிராசஸர் செலவிடும் மின்திறன், துடிப்பிற்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. துடிப்பை 10 விழுக்காடும், மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டுவதாக வைத்துக் கொள்வோம். 1.1 × 1.1 × 1.1 = 1.331. வேகம் 10 விழுக்காடுதான் கூடியது; வெப்பமோ 33 விழுக்காடு கூடிவிட்டது! கூடுதல் வெப்பத்தை அகற்றப் பெரிய கூலர் வேண்டும். கூடுதல் மின்சாரத்தைக் கொடுக்க, கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லும் மின்வழங்கியும் தரமானதாக வேண்டும். இவை எல்லாம் விலையில் சேரும்.

நம் ஊர் வெயிலையும் மறந்துவிடக் கூடாது. கூலர் என்பது பிராசஸரின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரிக்குள் நிறுத்துமே தவிர, அறையையே குளிர வைக்காது. 25 டிகிரி அறையில் பிராசஸர் 75 டிகிரி காட்டினால் வேறுபாடு 50 டிகிரி. அதே கணிப்பொறி, மே மாதத்தில் 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 90 டிகிரி காட்டும். ரைசன் 7600எக்ஸ் போன்றவற்றிற்கு 95 டிகிரிதான் எல்லை. அந்த எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் கோடையில் காணாமற் போகும். குளிரூட்டிய அறையில் சோதித்துச் சொல்லப்படும் அளவுகளை நம் வீட்டிற்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியன்று.

மதர்போர்டில் காண வேண்டியவை

மதர்போர்டின் அழகையும் வண்ண விளக்குகளையும் பார்த்து வாங்குவோர் உண்டு. ஓவர்கிளாக்கிங் செய்வோர் முதலில் பார்க்க வேண்டியது, விஆர்எம் எனப்படும் மின்னழுத்தச் சீராக்கியைத்தான். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்குத் தேவையான சுமார் 1.2 வோல்ட்டாக மாற்றித் தருவது இதன் பணி. இயற்பியல் பாடத்தில் படித்த சூத்திரத்தை இங்கே நினைவு கூர்வோம். மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 120 வாட் எடுத்துக் கொள்ளும் பிராசஸருக்கு 1.2 வோல்ட்டில் 100 ஆம்பியர் தேவைப்படுகிறது. நம் சமையலறையில் ஓடும் 750 வாட் மிக்ஸி, 230 வோல்ட்டில் எடுத்துக் கொள்வது ஏறத்தாழ 3 ஆம்பியர்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இந்த 100 ஆம்பியரை ஒரே பாகம் சுமக்க இயலாது. திருவிழாச் சப்பரத்தைப் பலர் தோள் கொடுத்துத் தூக்குவது போல, ஃபேஸ் எனப்படும் பல பிரிவுகள் அதைப் பங்கிட்டுக் கொள்கின்றன. எட்டுப் பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 12.5 ஆம்பியர். நான்கு மட்டுமே இருந்தால் 25 ஆம்பியர். எண்ணிக்கையோடு ஒவ்வொன்றின் வலிமையும் முக்கியம். விஆர்எம் 90 விழுக்காடு திறனோடு வேலை செய்தாலும், 120 வாட் கொடுக்கும்போது சுமார் 13 வாட் அதிலேயே வெப்பமாகிறது. ஆகவே அந்தப் பாகங்களின் மேல் ஹீட் சிங்க் எனப்படும் உலோகக் கவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத மதர்போர்டில் ஓவர்கிளாக்கிங்கை நினைக்காமல் இருப்பதே நலம்.

அடுத்து பயாஸ். பழைய சரக்காகக் கடையில் இருந்த மதர்போர்டு, பின்னர் வந்த பிராசஸரை அடையாளம் கண்டு கொள்ளாமற் போகலாம். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில மதர்போர்டுகளில் உண்டு. அது இருந்தால் கடைக்கு இரண்டு முறை அலைய வேண்டியதில்லை. தவறான அளவுகளைக் கொடுத்துக் கணிப்பொறி எழும்பாமற் போனால், பழைய நிலைக்குக் கொண்டுவரும் கிளியர் சிமாஸ் வசதி எங்கே இருக்கிறது என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சாக்கெட்டின் ஆயுள். 2017-இல் பி350 மதர்போர்டு வாங்கியவர்களுள் பலர், பயாஸைப் புதுப்பித்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே மதர்போர்டில் பொருத்த முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசையும் பொருந்துகிறது. ஆனால் இன்டெலின் 14ஆம் தலைமுறைக்குரிய சாக்கெட்டில் கோர் அல்ட்ரா 200எஸ் பொருந்தாது. இன்று துடிப்பைச் சிறிது கூட்டுவதை விட, நான்கு ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக் கொள்ளும் வாய்ப்பே பெரிய சேமிப்பாக அமையலாம்.

இலாபம் குறைந்து வந்த கதை

இனி, கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் பயன் ஆண்டுதோறும் எப்படி மாறியது என்பதைக் காண்போம். 1998-இல் கூடுதல் விலையின்றி 50 விழுக்காடு வேகம் கிடைத்ததை முன்னரே கண்டோம்.

2011-இல் கோர் ஐ5 2500 பிராசஸரின் அறிமுக விலை 205 டாலர். பூட்டு இல்லாத 2500கே-யின் விலை 216 டாலர். வேறுபாடு 11 டாலர்தான். 3.7 கிகா ஹெர்ட்ஸ் வரை தானாகச் செல்லும் அதனை, நல்ல காற்றுக் கூலர் ஒன்றுடன் 4.5 வரை கொண்டு சென்றோர் பலர். இது ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதல்.

2017-இல் எட்டுக் கோர்கள் கொண்ட ரைசன் 7 1700-இன் விலை 329 டாலர். அதே எட்டுக் கோர்கள் கொண்ட 1800எக்ஸ்-இன் விலை 499 டாலர். ஓவர்கிளாக் செய்தால் இரண்டும் 4 கிகா ஹெர்ட்ஸ் அருகில் வந்து நின்றன. எனவே விலை குறைந்ததை வாங்கி, பி350 மதர்போர்டில் வைத்து, உயர்த்திக் கொண்டவர் 170 டாலர் மிச்சப்படுத்தினார்.

ரைசன் 5 7600எக்ஸ் 2022 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்தது. கூலர் உடன் வராது. ரைசன் 5 7600 என்பது 2023 ஜனவரியில் 229 டாலருக்கு, கூலருடன் சேர்ந்தே வந்தது. இரண்டிலும் கோர்கள் ஆறு. முதலாவது 5.3 கிகா ஹெர்ட்ஸ் வரையும் இரண்டாவது 5.1 வரையும் தானாகவே செல்லும். வேக வேறுபாடு 4 விழுக்காட்டிற்கும் குறைவு. அறிமுக விலையிலோ 30 விழுக்காட்டிற்கும் மேல் வேறுபாடு. கூலரின் விலை வேறு.

இந்த மாற்றத்திற்குக் காரணம் யாது? 2008 முதல் இன்டெலும், 2010 முதல் ஏஎம்டியும், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை பிராசஸர் தானே துடிப்பை உயர்த்திக் கொள்ளும் முறையைப் புகுத்தின. முன்பு கூடையில் மறைந்திருந்த பெரிய பழத்தை, இப்போது நிறுவனமே வெளியே எடுத்து, உரிய விலை போட்டு விற்கிறது. நாம் எடுப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சமே. ஆதலால் ஓவர்கிளாக்கிங்கிற்கென்று மிகுந்த விலை கொடுப்பது இன்று பொருந்தாது. அந்த வசதி கூடுதல் விலையின்றி எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குவதே சிக்கனம்.

ஒரு வீட்டில் போட்ட கணக்கு

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் இந்தக் கணக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. அவள் அண்ணன் தொழிற்கல்வி படிப்பவர். "கே" பிராசஸர், இசட் மதர்போர்டு, தண்ணீரால் குளிரூட்டும் கூலர் என்று ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். தோழியின் தாயார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, சாதாரணமா ஒண்ணு வாங்குறதுக்கும் இதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கே, அந்தக் கூடுதல் பணத்துக்கு எவ்வளவு கூடுதலா வேலை நடக்கும்? எண்ணிச் சொல்லு. இது ரெண்டு வருஷச் சீட்டுப் பணம்" என்றார். அண்ணனுக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவர் அண்ணனோடு உட்கார்ந்து, கணக்குக் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்தோம். பிராசஸரின் விலையை மட்டும் ஒப்பிடாமல், பிராசஸர், மதர்போர்டு, கூலர், எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்கையும் கூட்டி ஒப்பிட்டோம். ஒரு பத்தியில் அண்ணனின் பட்டியல். மற்றொன்றில் ரைசன் 7600, விஆர்எம் மீது ஹீட் சிங்க் உள்ள பி650 மதர்போர்டு, பெட்டியிலேயே வரும் கூலர், நடுத்தர எஸ்எம்பிஎஸ். தோழி செய்யப் போவது நிரல் எழுதுதல், பாடங்களைப் பார்த்தல், ஓவியம் வரைதல். அண்ணன் விடுமுறையில் வரும்போது விளையாடுவார். இவற்றிற்கு இரண்டாம் பத்தியே போதும் என்பது கூட்டிப் பார்த்ததும் தெளிவாயிற்று. மிஞ்சிய பணத்தில், மின்வெட்டின்போது வேலை பாழாகாமலிருக்க ஒரு யுபிஎஸ்ஸும், கண்ணுக்கு இதமான பெரிய மானிட்டரும் வாங்க முடிந்தது.

அண்ணனுக்கும் வருத்தமில்லை. பி650-இல் பூட்டு இல்லை அல்லவா? பயாஸில் உள்ள பிபிஓ என்னும் வசதியை அவரே இயக்கிப் பார்த்தார். பிராசஸர் எடுத்துக் கொள்ளும் மின்சாரத்தின் எல்லையை உயர்த்தி, அது தானே மேலே செல்ல விடும் வசதி அது. வேகம் சில விழுக்காடு கூடியது. கூலரின் இரைச்சலும் கூடியது. இரவில் படிப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால், "லீவுக்கு நான் வரும்போது மட்டும் போட்டுக்கிறேன்மா" என்று கூறி அவரே அதை நிறுத்தி வைத்தார். ஒரு பைசாச் செலவின்றி ஓவர்கிளாக்கிங்கையும் கற்றுக் கொண்டார்.

பாதுகாப்பு முறைகள்

துடிப்பை உயர்த்திய கணிப்பொறி எழும்பிவிட்டால் மட்டும் போதாது. அது கணக்கில் பிழை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிழை செய்யும் பிராசஸர் உடனே நின்றுவிடாமல், நாம் மாதக்கணக்கில் எழுதிய கோப்பை ஓசையின்றிக் கெடுத்துவிடலாம். பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-இல் தொடங்கிய ஒரு கணிதத் திட்டத்தின் பிரைம்95 என்னும் நிரலை இச்சோதனைக்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் பிராசஸருக்குக் கொடுத்து, அது சொல்லும் விடை சரியா என்று பார்க்கும் நிரல் அது. சில மணி நேரம் பிழையின்றி ஓடிய பிறகே அந்த வேகத்தை நம்பலாம். துடிப்பை ஒரேயடியாக உயர்த்தாமல், ஒரு படி ஏற்றிச் சோதித்து, பிறகு அடுத்த படி ஏற வேண்டும்.

மின்னழுத்தத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, மிகுதியான மின்னழுத்தத்தால் சாக்கெட்டிலேயே கருகின. அதன் பின் எஸ்ஓசி எனப்படும் பகுதிக்கு 1.3 வோல்ட்டிற்கு மேல் போகாதபடி புதிய பயாஸ்கள் வெளியிடப்பட்டன. 2024-இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் சில நிலைதடுமாறியதற்கும் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனம் ஜூலை மாதத்தில் அறிவித்தது; ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டியது. ஆகவே எந்த மதர்போர்டு வாங்கினாலும் பயாஸைப் புதுப்பிப்பதே முதல் வேலை. ஓவர்கிளாக்கிங்கினால் நேரும் சேதத்திற்கு உத்தரவாதம் செல்லாது என்று இரு நிறுவனங்களுமே கூறுகின்றன என்பதையும் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

கடைக்குச் செல்லும் மாணவியரும் பெற்றோரும் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

1. இந்தப் பிராசஸருக்குப் பூட்டு உண்டா, இல்லையா?
2. இந்த மதர்போர்டின் சிப்செட் ஓவர்கிளாக்கிங்கிற்கு இடம் தருமா?
3. விஆர்எம் மீது ஹீட் சிங்க் இருக்கிறதா?
4. பெட்டியில் கூலர் வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா?
5. பிராசஸர் இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்க முடியுமா?
6. பிராசஸர், மதர்போர்டு, கூலர், எஸ்எம்பிஎஸ் நான்கும் சேர்ந்து மொத்த விலை என்ன? ஓவர்கிளாக் செய்ய முடியாத இணைக்கு அதே நான்கும் சேர்ந்து என்ன விலை?

ஆறாவது கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். வேறுபாட்டை வீட்டில் வைத்துக் கணக்கிட வேண்டும். விலையில் கூடும் விழுக்காட்டை விட வேகத்தில் கூடும் விழுக்காடு மிகுதியானால் வாங்கலாம். குறைவானால் அப்பணத்தை வேறு நற்பயனுக்கு வைக்கலாம். விழுக்காட்டுக் கணக்கு ஏழாம் வகுப்பிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்டதுதானே!

முடிவுரை

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். ஓவர்கிளாக்கிங் என்பது தவறான செயலும் அன்று; பெருமைக்குரிய மந்திரமும் அன்று. பெருக்கல், விகிதம், மின்திறன், வெப்பம் என்று நாம் வகுப்பறையில் படிப்பவையே அதில் அடங்கியுள்ளன. 1998-இல் அது ஏழை மாணவனுக்கும் செல்வந்தரின் கணிப்பொறியை ஈட்டிக் கொடுத்தது. இன்று அதே பெயரால் தேவையற்ற பொருளை விற்கவும் முடிகிறது. இரண்டையும் பிரித்து அறியக் கற்றவர்கள் வீட்டுப் பணத்தைக் காப்பார்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடைத்தெருவானாலும், தாயும் மகளும் சேர்ந்து சென்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, கணக்குப் பார்த்து வாங்கும் நாள் வர வேண்டும் என்பதே எங்கள் ஆவல்.